இருபத்தைந்தாவது எண்: நெல்லையில் இருவர் சேர்ந்து செய்த ஒரு ராப் தொகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் நான் நடத்தும் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அம்மன் கொடை என்னும் கோயில் திருவிழாவுக்கான பக்திப் பாடல்கள் வரும், கிறிஸ்துமஸ் நெருங்கினால் தேவாலயப் பாடகர் குழுக்கள் வரும், மற்ற நாட்களில் கடை விளம்பரங்கள் வரும். ராப் பாடும் இளைஞர்களும் சில ஆண்டுகளாக வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் இணையத்தில் விலைக்கு வாங்கிய பீட்டை, அதாவது பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாள இசையை, கைப்பேசியில் கொண்டுவந்து, குரலைப் பதிந்துகொண்டு போய்விடுவார்கள். அந்த பீட்டைப் போட்டவர் எந்த ஊர், அவருக்கு இந்தப் பாட்டின் ஒரு வரியாவது புரியுமா என்பது பாடுபவருக்குத் தெரியாது.

இங்கே நான் எழுத எடுத்துக்கொண்ட தொகுப்பு வேறு வகையில் உருவானது. ஒன்பது பாடல்கள். எழுதிப் பாடியவர் ஒருவர், ஒன்பதுக்கும் பீட் போட்டவர் ஒருவர். பாடியவர் தன்னையும் தன் வீட்டையும் தவிர வேறெதையும் பாடவில்லை. குரல் பதிவும், குரலையும் இசையையும் கலந்து சமன்படுத்தும் மிக்சிங்கும் என்னிடம் நடந்ததால், இருவருக்கும் இடையே ஓடியவற்றை அருகிலிருந்து பார்த்தேன். இருவர் பெயரையும் தொகுப்பின் பெயரையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி தவிர்த்திருக்கிறேன்.

ஒருவன் தன் மனத்தைத் திறந்து பாடும்போது அந்தப் பாட்டு அவனுடையது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். பீட் போடுபவர் பின்னால் நிற்பவர் என்று வைத்துக்கொள்கிறோம். இந்தத் தொகுப்பில் எது சொல்லப்பட வேண்டும், எந்த வேகத்தில், எந்தக் குரலில், எங்கே நிறுத்த வேண்டும் என்பவற்றில் பாதிக்கு மேல் பீட் போட்டவரால் தீர்மானமானது. அதனால் வந்த நன்மையும் பெரியது, வந்த சண்டையும் பெரியது. இரண்டையும் பதிவு செய்வதுதான் என் நோக்கம்.

இருவர்

பாடுபவருக்கு 26 வயது. முக்கூடல் பக்கத்துக் கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார். நெல்லை, தென்காசி மாவட்டங்களில் இந்த வேலை நடக்காத தெரு குறைவு: இலையை ஊறவைத்து, தகடு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, இருபத்தைந்து பீடியை ஒரு கட்டாக்கி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் வேலை. மடியில் சுளவை (முறத்தை) வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை குனிந்தே இருப்பார்கள். அம்மாவின் தோள்வலி தொகுப்பில் மூன்று பாடல்களில் வருகிறது.

அப்பா மும்பையின் தாராவிக்குப் போனவர். நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்குக் குடும்பம் குடும்பமாகப் போவது தலைமுறைகளாக நடப்பது. அங்குள்ள தமிழர்களில் பெரும்பகுதியினர் இந்தப் பக்கத்து வேர் உள்ளவர்கள். தாராவியிலிருந்து எழுந்த டோப்படெலிக்ஸ் போன்ற குழுக்கள் தமிழையும் ராப்புக்குள் கொண்டுவந்தன. பள்ளி விடுமுறையில் அப்பாவிடம் போனபோதுதான் இவர் முதன்முதலில் ராப் கேட்டிருக்கிறார். பிறகு அப்பா ஊருக்கு வருவது குறைந்தது, அப்புறம் நின்றது. அந்த வீட்டுக் கதையை இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. ஏன் எழுதவில்லை என்பதும் இந்த ஆய்வுக்குள் வருகிறது.

பீட் போடுபவர் பத்து வயது மூத்தவர். சிந்துபூந்துறையில் வீடு. பிழைப்பு சவுண்ட் சர்வீஸ்: கோயில் கொடை, கல்யாண வீடு, கட்சிக் கூட்டம். தாத்தா வில்லுப்பாட்டுக் குழுவில் உடுக்கு அடித்தவர். இவர் ஸ்பீக்கர் கட்டப் போகும் கொடைகளிலெல்லாம் மிக்சரிலிருந்து ஒரு பதிவு எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்துவைப்பார். வில்லில் வீசுகோல் பட்டுச் சலங்கை குலுங்குவது, உடுக்கின் விம்மல், கட்டையின் ஒலி, குடத்தின் முழக்கம் என்று தனித்தனியாக வெட்டி வைத்திருந்தார். குடத்தின் வாயில் தட்டையான மட்டையால் அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று எழுப்பும் ஒலியைப் பெரிய ஸ்பீக்கரில் கேட்டவர்களுக்குத் தெரியும், அது நெஞ்சுக்கூட்டில்தான் வந்து விழும். 1980-இல் ரோலண்டு நிறுவனம் வெளியிட்ட 808 டிரம் எந்திரத்தின் அடிநாதம் உலக ஹிப்ஹாப்பையே ஆண்டது. இவர் அந்த இடத்தில் குடத்தை வைத்தார். ஒன்பது பாடல்களிலும் அடிநாதம் குடம்தான்.

முதலில் இருந்த பாடல்கள்

பாடுபவர் ஐந்து பாடல்களை எழுதி முடித்த பிறகே பீட் போடுபவரிடம் போனார். அவற்றை நான் கேட்டிருக்கிறேன். நிமிடத்துக்கு 140 அடி வேகம், மூச்சு விடாத சொல்லடுக்கு, என்னைத் தாண்டி எவனும் இல்லை என்ற முழக்கம். திறமை குறைந்தவை என்று சொல்ல முடியாது. எதுகை மோனை இயல்பாக வந்தது. நெல்லைப் பேச்சின் இழுவையும் ‘வே’, ‘ஏலே’ என்று முடியும் வெட்டும் அவர் நாக்கில் தாளமாகவே உட்கார்ந்திருந்தன. ஆனால் அந்தப் பாடல்களில் இருந்த ஆளை அவர் ஊரில் யாருக்கும் தெரியாது. அப்படி ஒருவர் அங்கே வாழவில்லை.

பீட் போடுபவர் ஐந்தையும் ஒதுக்கினார். நல்லது கெட்டது என்று எதுவும் சொல்லவில்லை. “இதை யாரிடம் சொல்கிறாய் தம்பி?” என்று மட்டும் கேட்டார். “கேட்கிற எல்லோரிடமும்தான் அண்ணாச்சி” என்றார் இவர். “எல்லோரும் என் முன்னால் இல்லை, நான் ஒருவன்தான் இருக்கிறேன், எனக்குச் சொல்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு பல மாதம் பீட் எதுவும் தரவில்லை. கொடைக்குப் போகும்போது வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொகுப்பின் முறை இங்கேதான் பிறந்தது. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் கதையைக் கூட்டத்துக்குச் சொல்வதுபோலத் தோன்றினாலும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பின்பாட்டுக்காரருக்குத்தான் சொல்கிறார். அவர் ‘ஆமா’ போடுவார், வரியைத் திருப்பிப் பாடுவார், ‘பிறகு என்ன ஆச்சு’ என்று கேட்பார். விடிய விடியக் கதை ஓடுவது அந்த ஒருவரின் காதை நம்பித்தான். பின்பாட்டுக்காரர் சோர்ந்தால் கதை சோரும். கேட்பவர் ஒருவர் உறுதியாக இருந்தால்தான் சொல்பவர் உண்மைக்கு இறங்குவார் என்பது இந்த மண்ணின் கலைக்கு நெடுநாளாகத் தெரிந்த நுட்பம். பீட் போடுபவர் அதைத் தாத்தாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்.

ஹிப்ஹாப்பின் பிறப்பிலும் இதே இரட்டை இருந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அங்கே நாயகன் இசைத்தட்டை இயக்கியவர். மைக் பிடித்தவர் அவருக்குத் துணையாக வந்தவர். 1980-களின் இறுதியிலும் 90-களிலும்கூட இருவர் குழுக்களில் இசை அமைத்தவர் பெயர் முன்னால் நின்றது: எரிக் பி அண்டு ரகிம், பீட் ராக் அண்டு சி.எல். ஸ்மூத். பிறகு மெல்ல மெல்லப் பாடுபவர் முன்னால் வந்தார், பீட் போடுபவர் சிறிய எழுத்துக்குப் போனார். தமிழில் 2019-இல் ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஒஃப்ரோவும் இருவர் பெயரிலும் சேர்ந்து வெளியிட்ட ‘தெருக்குரல்’ இந்த இரட்டை முறைக்கு நம்மிடையே உள்ள வலுவான முன்னோடி. அது வெளியே பார்த்துச் சினந்தது. நெல்லைத் தொகுப்பு உள்ளே பார்க்க முயன்றது.

குரல் செய்தி

மாற்றம் ஒரு நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் வந்தது. பாடுபவர் தன் அப்பாவைப் பற்றி எழுதிய பகுதியை, பீட் எதுவும் இல்லாமல், குரல் செய்தியாக அனுப்பியிருந்தார். அம்மா அதே அறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் கிசுகிசுவென்று பேசியிருந்தார். 140 அடி வேகத்தில் கிசுகிசுக்க முடியாது. சொற்கள் தாமாக நடைக்கு வந்திருந்தன. இடையிடையே மூச்சு கேட்டது, ஒரு இடத்தில் வரியை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியிருந்தார்.

பீட் போடுபவர் அந்தக் குரலுக்குத் தாளம் அளந்தார். நிமிடத்துக்கு 76 அடி பொருந்தியது. தொகுப்பில் பெரும்பாலான பாடல்கள் அந்த வேகத்தை ஒட்டியே அமைந்தன. அம்மாவின் தூக்கம் கலையாமல் இருக்கப் பேசிய வேகம் ஒரு தொகுப்பின் வேகமானது என்பதை நான் வியப்போடுதான் குறித்துக்கொண்டேன்.

அதே பகுதியை என் கூடத்தில் நல்ல மைக்கில் மறுபடி பதிந்தோம். ஒலி துல்லியமாக இருந்தது. அவர் சொன்னது எதையும் நான் நம்பவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நான், காதில் ஹெட்போன், எதிரே சுவர்: அவர் மேடையேறிவிட்டார். குரலில் பழைய முழக்கம் திரும்பியது. விளக்கைக் குறைத்தோம், மைக்கைத் தாழ்த்தினோம், பயன் இல்லை. கடைசியில் பீட் போடுபவர் எழுந்து குரல் அறைக்குள்ளேயே போய், பாடுபவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதிவு அறைக்குள் இன்னொரு ஆள் இருப்பது ஒலிப்பதிவு ஒழுங்குக்கு மாறானது. மூச்சு விழும், துணி உரசும், நாற்காலி கிறீச்சிடும். எல்லாம் விழுந்தன. குரலும் வந்தது.

அன்றிலிருந்து குரல் பதிவு முழுவதும் அப்படித்தான் நடந்தது. இரண்டு இடங்களில் பீட் போடுபவர் தன்னையறியாமல் ‘ம்’ கொட்டியது மைக்கில் ஏறிவிட்டது. அதை நான் நீக்கவில்லை. தொகுப்பில் நான் பெருமைப்படும் முடிவுகளில் அது ஒன்று. அப்பா பாட்டில் மட்டும், கூடத்துப் பதிவைக் கைவிட்டுக் குரல் செய்தியையே வைத்தோம். குரல் செய்தியில் மேல் அலைவரிசைகள் பெரும்பாலும் போய்விட்டிருக்கும், பொத்தி வைத்த வாயிலிருந்து வருவதுபோல ஒலிக்கும். ‘ஸ’, ‘ச’ ஒலிகளின் கூர்மையை ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) எவ்வளவு தூக்கினாலும் இல்லாததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் குரலை விட்டுவிட்டு, சுற்றியிருந்த இசையின் மேல் அலைவரிசைகளை நானும் வெட்டினேன். குரலும் இசையும் ஒரே அறையில் இருப்பதுபோல ஆனது.

எண்ணும் பாட்டு

ஏழாவது பாட்டு இந்தத் தொகுப்பின் உயிர். பீட் போடுபவர் முக்கூடல் பக்கத்து வீட்டுக்குப் போய், அம்மாவிடம் அனுமதி வாங்கி, அவர் வேலை செய்யும் ஒலியைப் பதிந்துவந்தார். இலை வெட்டும் கத்தரியின் ‘கிரிச்’ ஒலி, டிரம்மில் சிறு தாளத் தகடுகள் எழுப்பும் ஹை-ஹாட் ஒலியின் இடத்தில் வந்தது. உண்மையில் அவர் தேடிப் போனது கத்தரியைத்தான். கிடைத்தது வேறொன்று: கட்டுப் போடும்போது ஒன்றிலிருந்து இருபத்தைந்து வரை அம்மா முணுமுணுத்து எண்ணுவது.

ராப் பாட்டு நான்கடித் தாளத்தில் நடப்பது. ஒரு சுற்றுக்கு எட்டு அரை அடிகள். இருபத்தைந்து அதில் அடங்காது. வேறு யாராக இருந்தாலும் இருபத்து நான்கோடு வெட்டியிருப்பார்கள், அல்லது முப்பத்திரண்டு வரை இழுத்திருப்பார்கள். இவர் ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு அரை அடியில் வைத்தார். இருபத்து நான்கு எண்களில் மூன்று சுற்று முடிகிறது. இருபத்தைந்து நான்காவது சுற்றின் முதல் அடியில், குடத்தின் முழக்கத்தோடு விழுகிறது. மீதமுள்ள சுற்று முழுவதும் வெறுமை, நூல் கட்டும் நேரம். பிறகு மறுபடி ஒன்று. பாடுபவர் அந்த எண்களின் மேலேதான் தன் படிப்பு நின்ற கதையைச் சொல்கிறார். கட்டணம் கட்ட முடியாத பருவங்கள், அரியர் தாள்கள், வேலை கிடைக்காத ஆண்டுகள். ஒவ்வொரு நான்காவது சுற்றிலும் அவர் வாயை மூடியாக வேண்டும். அவருடைய கதையை அம்மாவின் கணக்கு நிறுத்துகிறது. இதை எழுத்தில் எந்தக் கவிஞராலும் அமைத்துவிட முடியாது. தாளத்தை அமைப்பவரால்தான் முடியும்.

வெள்ளம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை மீறி, நெல்லைச் சந்திப்பு, சிந்துபூந்துறை, கைலாசபுரம், கொக்கிரகுளம் என்று ஊருக்குள் வந்தது. பீட் போடுபவரின் வீட்டில் ஆம்ப்ளிஃபயர்கள், ஸ்பீக்கர் பெட்டிகள், மிக்சர் எல்லாம் தண்ணீருக்குள். ஹார்ட் டிஸ்க்கும் அதில் ஒன்று. பல ஆண்டுக் கொடைப் பதிவுகள் போயின. பிழைப்புக்கான கருவிகளை இழந்த ஒருவரிடம் தொகுப்பைப் பற்றிப் பேசவே எங்களுக்கு வாய் வரவில்லை.

ஒன்பதில் ஆறு பாடல்களின் தனித்தனித் தடங்கள் என் கணினியில் இருந்தன. மூன்றுக்கு, பாடுபவரின் கைப்பேசியில் இருந்த எம்பி3 நகல்கள் மட்டுமே மிச்சம். அவற்றில் குடமும் கத்தரியும் ஒன்றாகக் குழைந்துவிட்டவை, பிரித்தெடுக்க முடியாது. மறுபடி அமைக்கலாமா என்று கேட்டேன். பீட் போடுபவர் வேண்டாம் என்றார். கிடைத்ததன் மேலேயே குரலை வைத்தோம். அந்த மூன்றும் மற்ற ஆறைவிட மங்கலாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான். பாணி என்று நினைத்துப் பாராட்டியவர்களும் இருக்கிறார்கள். அது தாமிரபரணி செய்தது.

வெட்டப்பட்ட வரிகள்

அடுத்தது தொகுப்பையே நிறுத்தப் பார்த்த பிரச்சினை. அப்பா பாட்டில் நான்கு சுற்றுக்கு ஒரு பகுதி இருந்தது. அப்பா ஏன் வரவில்லை என்பதை அதில் பாடுபவர் பெயர் ஊரோடு சொல்லியிருந்தார். பாட்டு ஏறத்தாழ முடிந்த நிலையில், அதை வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறார். அம்மா அந்த வரிகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இது என் வாழ்க்கை, நான் சொல்வேன் என்று இவர் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா பீட் போடுபவருக்குப் போன் செய்தார். எண்ணும் ஒலியைப் பதிய வந்த நாளிலிருந்து பழக்கம். மறுநாள் எனக்கு ஒரு புதிய மிக்ஸ் வந்தது. அந்த நான்கு சுற்றில் குரல் இல்லை. கத்தரி ஒலி மட்டும் நடந்தது. பாடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்திருந்தார்.

பாடுபவர் அதைக் கேட்டபோது நான் உடன் இருந்தேன். அவருக்கு வந்த சினம் நியாயமானது. உண்மையைச் சொல் என்று மாதக்கணக்கில் இழுத்துவந்தவர், உண்மை வந்ததும் வாயைப் பொத்துகிறார் என்றார். இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். என் கணினியில் இரண்டு வடிவமும் இருந்தன. எதை வெளியிடுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

என் தீர்ப்பை ஒளிக்காமல் எழுதுகிறேன். வரிகள் போக வேண்டியவைதான். தன்னைப் பற்றிய பாட்டில் பாடுபவரின் வாழ்க்கை மட்டும் இருப்பதில்லை, அவரோடு வாழ்ந்தவர்களின் வாழ்க்கையும் அதே வரிக்குள் மாட்டிக்கொள்கிறது. அம்மா மேடை ஏறவில்லை, தன் தெருவில் நாளைக்கும் தண்ணீர்க் குழாயடியில் நிற்க வேண்டியவர். மகனின் துணிச்சலுக்கு விலை கொடுப்பவர் அவர். ஆனால் வெட்டியவர் வெட்டியிருக்கக் கூடாது. கேட்டு நிற்பதுதான் அவருடைய அதிகாரத்துக்கு அடிப்படை. கேட்காமலேயே கத்தரி வைத்தபோது அந்த அடிப்படையை அவரே உடைத்தார். செய்தது சரி, செய்த விதம் தவறு என்ற இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டால்தான் இந்த நிகழ்வு விளங்கும்.

சில வாரம் கழித்து பாடுபவர் தனியாக வந்தார். வெட்டிய வடிவத்தைப் போடச் சொன்னார், பல முறை கேட்டார். பிறகு, நான்கு சுற்று போதாது, எட்டாக்குங்கள் என்றார். அந்த எட்டுச் சுற்றிலும் தான் மைக் முன் நிற்பது கேட்க வேண்டும் என்றும் சொன்னார். பீட் போடுபவரை அழைத்தோம். வந்து எதிரே உட்கார்ந்தார். பாடுபவர் எதுவும் சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டு எட்டுச் சுற்று நின்றார். அது குரல் செய்தியோடு ஒட்டி வெளியானது. அங்கே என்ன இருந்தது என்று கேட்டு எழுதும் நேயர்களுக்கு இருவரும் பதில் சொல்வதில்லை.

உரிமையும் பங்கும்

தொடக்கத்தில் பாட்டுக்கு இவ்வளவு என்று பீட்டுக்குப் பணம் கொடுப்பதாகத்தான் வாய்ப்பேச்சு. சண்டைக்குப் பிறகு எல்லாவற்றையும் தாளில் எழுதுவோம் என்று முடிவானது. இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இசைப் படைப்பு என்பது இசை மட்டும்; அதோடு பாடவோ பேசவோ படும் சொற்கள் அதில் சேராது. சொற்கள் தனியே இலக்கியப் படைப்பு. ராப்பில் இது பாடுபவருக்குப் பாதகமாக முடியலாம். அவருடைய குரல் நடையும் தாளக்கட்டும் அவ்வளவு உழைப்பாக இருந்தும், சட்டத்தின் கண்ணில் அவர் பாடலாசிரியராகவும் நிகழ்த்துநராகவும் மட்டுமே தெரிவார். இசை முழுவதும் பீட் போட்டவருடையதாகப் பதிவாகலாம். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ராயல்டி பெறும் உரிமையைப் பாடலாசிரியரோ இசையமைப்பாளரோ எழுதிக் கொடுத்துவிட முடியாது. சட்டப்படியான வாரிசும் பதிப்புரிமைச் சங்கமும் மட்டுமே விலக்கு. அதனால் மொத்தப் பணம் கொடுத்து பீட்டை வாங்கிவிட்டேன் என்ற பேச்சுக்கே இப்போது முழு அர்த்தம் கிடையாது. இசை, சொல், ஒலிப்பதிவு ஆகிய மூன்றிலும் சரிபாதி என்று எழுதிக்கொண்டார்கள்.

பிறர் பதிவிலிருந்து ஒலித் துண்டை எடுத்துச் சேர்க்கும் மாதிரி எடுத்தலில் இரண்டு சிக்கல். 1978-இல் வெளியான ஒரு திரைப்பாடலின் வயலின் துண்டை முதலில் சுழலவிட்டிருந்தார்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு உரிமை, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு. அதாவது 2038 இறுதி வரை. மெட்டுக்கும் வரிக்கும் உரிமை அவற்றைப் படைத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். அமெரிக்காவில் 1991-இல் வந்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, கேட்காமல் துண்டெடுத்த தொகுப்புகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்ட வரலாறு இருக்கிறது. துண்டை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, கொடைப் பதிவு. எட்டாவது பாட்டில் ஒரு மூத்த வில்லுப்பாட்டுக் கலைஞரின் குரலும் குழுவின் வாத்தியமும் இருந்தன. ஸ்பீக்கர் கட்டப் போனவர் எடுத்த பதிவு, அந்தக் கலைஞருக்குத் தெரியாமல் இருந்தது. நாட்டார் பாட்டுதானே, பொதுச் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். கதை பொதுவாக இருக்கலாம், பாடியவர் பாடியது பொதுவானதாகாது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்தே நிகழ்த்துநருக்குத் தன் நிகழ்ச்சியின் மீது உரிமை உண்டு, இப்போது அது 50 ஆண்டுக்கு. இருவரும் அவர் வீட்டுக்குப் போய்ப் பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு, குடமும் உடுக்கும் இருக்கட்டும், வரத்துப் பாட்டு கூடாது என்றார். வரத்துப் பாடினால் சாமி வரும். அதைப் பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒலிக்கவிடுவது முறையில்லை. அந்தக் குரல் போனது, வாத்தியம் நின்றது. குழுவில் நால்வருக்கும் பணம் கொடுத்தார்கள், அவர் கேட்டபடி எல்லோர் பெயரும் அட்டையில் இடம் பெற்றன.

அட்டையில் யார் பெயர் முதலில் என்பதில் பெரிய விவாதம் எழவில்லை. பாடுபவரே பீட் போட்டவர் பெயரை முன்னால் வைத்தார். அம்மா தன் பெயர் வேண்டாம் என்றதால் ‘எண்ணியவர்: அம்மா’ என்று அச்சாகியிருக்கிறது. ஏழாவது பாட்டின் வரவில் அவருக்கும் ஒரு பங்கு தாளில் எழுதப்பட்டது.

வெளியீடும் அதன் பின்னும்

2024-இல் தொகுப்பு இணையத்தில் வெளியானது. ஒலி அளவைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் பாடல்களைச் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்கு ஒப்பாக்கிவிடுகின்றன. அதிகச் சத்தமாக மாஸ்டர் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்து அனுப்பினால் அங்கே குறைக்கப்படும், நெருக்கிப் பிழிந்த சேதம் மட்டும் மிஞ்சும். நாங்கள் மெலிந்த ஒலியிலேயே அனுப்பினோம். பாபநாசம் போகும் தனியார் பஸ் ஒன்றில் ஓட்டுநரிடம் கேட்டுப் போட்டுப் பார்த்தபோது, குடம் அந்த ஸ்பீக்கரில் காணாமல் போனது. எண்ணும் குரல் மட்டும் எல்லா இருக்கைக்கும் போய்ச் சேர்ந்தது. குடத்தின் மேல் சுருதிகளைச் சற்றே தூக்கி மறுபடி மாஸ்டர் செய்தேன்.

கேட்டவர்களின் எண்ணிக்கை சிறியது. பெரிய பணம் வரவில்லை. பீடி சுற்றும் வீடுகளிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் எழுதிய நீண்ட செய்திகளைப் பாடுபவர் எனக்குக் காட்டினார். அவர்கள் பாராட்டவில்லை, தங்கள் வீட்டைச் சொன்னார்கள். சிலர் குரல் செய்தியாகவே அனுப்பியிருந்தார்கள்.

என் கூடத்தில் ராப் பதிவுக்கு வருபவர்களிடம் இப்போது மைக்கைத் திறக்கும் முன் பீட் யாருடையது என்று கேட்கிறேன். பாட்டில் வரும் உயிரோடு இருக்கும் ஆட்கள் யார், அவர்களுக்குத் தெரியுமா என்றும் கேட்கிறேன். இருவர் எழுதிய ஒப்பந்தத் தாளின் நகலை, அவர்கள் அனுமதியோடு, கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன்.

மேடையில் ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விழாவில் அப்பா பாட்டைப் பாடியபோது, எட்டுச் சுற்று வெறுமை வந்ததும் மாணவர்கள் உற்சாகமாகக் கத்தரி ஒலிக்குக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை, தாளம் கேட்டால் கை தட்டத்தான் செய்யும். பாடுபவர் நடுவிலேயே இறங்கிவிட்டார். அந்தப் பாட்டை இனி மேடையில் பாடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். மற்ற எட்டையும் பாடுகிறார்கள்.